ஏழுமலையின் விரல்களும் புது ஃபைல் சிஸ்டமும்

"சோதித்துப் பார்த்துவிட்டோம்" என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "கீபோர்டில் உட்கார்ந்தது யார்?" என்பதுதான். இந்தக் கேள்விக்காக என்னைக் கிண்டல் செய்யாத ஆளே அலுவலகத்தில் இருந்ததில்லை. "மேடம் மெஷினை விசாரிக்க மாட்டாங்க, ஆளைத்தான் விசாரிப்பாங்க" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில், டிஸ்க்கில் எதை எங்கே எழுதுவது என்று கவனித்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டம் புதிதாக ஒன்று வந்திருக்கிறதே, அதைப் போடலாமா, பழையதிலேயே இருந்துவிடலாமா என்று உங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்றவள்தான் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய ஃபைல் சிஸ்டங்களைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும், அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஆனால் புதிய ஒன்றை நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் பிற்பகுதியில், பாண்டியில், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

ஊரில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு மருத்துவமனை. அதன் பின்கட்டிடத்தில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு. மொத்தம் ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின், பீரோ அளவுக்கு இருக்கும். அதிலிருந்து வார்டுகளுக்கும் ரத்த வங்கிக்கும் வயர் இழுத்து டெர்மினல்கள் வைத்திருந்தோம். அந்த மெஷினுக்குப் பொறுப்பாளர் நான். கரண்ட் போனால் சமாளிக்க யூபிஎஸ் வேண்டும் என்று மனு போட்டிருந்தோம். மனு மேசை மேசையாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டோ நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அந்த மெஷினில் இருந்த விவரங்களிலேயே உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ரத்த தானம் செய்பவர்களின் விவரம். ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பெயரிலேயே ஒரு சின்ன ஃபைல். பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார், ஆளை எப்படிப் பிடிப்பது. அன்றைக்கு எத்தனை வீட்டில் போன் இருந்தது? 'தெருமுனை மளிகைக் கடையில் சொன்னால் போதும்' என்றெல்லாம் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் வந்த பெருமையில் அட்டையில் எழுதும் வழக்கத்தையும் விட்டிருந்தோம். டிஸ்க்கில் இருந்தால் ஆள் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை.

ரத்த வங்கிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரை ஊரே 'டாக்டர் மதாம்' என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் வேலை பார்த்தவரின் மகள். நன்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாயில் 'மெர்சி'தான் வரும். எப்போதாவது ஒரு நாள் அரிதான பிரிவு ரத்தம் தேவைப்பட்டு, வங்கியில் கைவசம் இல்லை என்றால், டாக்டர் மதாம் தானே எங்கள் அறைக்கு ஓடி வருவார். நாங்கள் தேடச் சொல்லிக் கட்டளை கொடுப்போம். அதன் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். பழைய ஃபைல் சிஸ்டம் சின்னச் சின்ன ஃபைல்களை டிஸ்க் முழுக்க இறைத்து வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் போய் எடுத்து, திறந்து, பார்த்து, அடுத்ததற்குப் போகும். டிஸ்க் கரகரவென்று அரைக்கும். டாக்டர் மதாம் நாற்காலியில் உட்கார மாட்டார். டிஸ்க் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை அப்படி நின்றபோது சொன்னார்: "கஸ்தூரி, அங்க ஒரு பொண்ணு வெளுத்துகிட்டே போறாம்மா. இங்க இது ஆற அமர தேடிகிட்டு இருக்கு. இதுக்குப் பக்கத்துல நிக்கிறதவிட சைக்கிள் எடுத்துகிட்டு வீடு வீடா போயிடலாம் போல."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை. அன்று என் மெஷின்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

இந்த நிலையில்தான் மெஷினைக் கொடுத்த கம்பெனியிலிருந்து ரகு என்ற இளம் இன்ஜினியர் மெட்ராஸிலிருந்து டேப்போடு வந்தார். அவர்கள் கம்பெனி புது ஃபைல் சிஸ்டம் ஒன்று கொண்டுவந்திருக்கிறதாம். எங்களுக்கு ஒரு டிஸ்க்கைக் கூடுதலாகக் கொடுத்து, தானம் செய்பவர்களின் ஃபைல்களை அதில் நகல் எடுத்து, தேடிக் காட்டினார். டாக்டர் மதாமைக் கூப்பிட்டிருந்தோம். அவர் வழக்கம்போல டிஸ்க்மேல் கை வைக்கப் போனார். கை போய்ச் சேர்வதற்குள் பெயர்கள் திரைக்கு வந்துவிட்டன.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எப்ப மாத்தப் போற?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டுவிட்டு 'பொறுங்கள்' என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று நீங்களும் ஒருநாள் தெரிந்துகொள்வீர்கள்.

ஆனாலும் பொறுங்கள் என்றுதான் சொன்னேன். காரணம் இதுதான். நாம் ஒன்றைத் தட்டச்சு செய்து முடித்ததும் அது உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. மெமரியில் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு மொத்தமாகப் போகும். அதற்குள் கரண்ட் போனால் காத்திருந்தது போச்சு. பழைய ஃபைல் சிஸ்டத்திலும் இது உண்டு. அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எழுதிவிடும். இழப்பு எவ்வளவு, எங்கே அடிபடும், எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் பழகிப் பழகி எங்களுக்குத் தெரிந்திருந்தது. புதியதின் வேகமோ அதிகமாக மெமரியில் தேக்கி வைத்துக்கொள்வதில்தான் இருந்தது. கரண்ட் போனால் அது என்ன ஆகும் என்று ரகுவுக்கு அவர் கம்பெனி சொன்னது மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று முடிவானது. அதற்கு ஏழுமலையைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று நினைத்தோம்.

ஏழுமலை எங்கள் ஆபரேட்டர். சாரம் பகுதியில் வீடு. அப்பா, சித்தப்பா எல்லாரும் மில் தொழிலாளிகள். அவரும் கொஞ்ச காலம் நூற்பு மெஷினில் நின்றவர்தான். மில்லில் வேலை ஆட்டம் கண்டபோது டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் செய்து எங்களிடம் வந்து சேர்ந்தார். விரல் கீபோர்டில் இருக்கும், கண் சன்னலில் இருக்கும், ஒரு எழுத்துப் பிசகாது. அவர் ஷிப்டில் எந்த விவரமும் தொலைந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்க வேண்டியதுதானே.

சோதனையை இப்படி வைத்துக்கொண்டோம். மெஷின் இருந்தது கண்ணாடி போட்ட ஏசி அறையில். மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில். ஏழுமலை உள்ளே உட்கார்ந்து புது டிஸ்க்கில் கற்பனைப் பெயர்களைப் பதிவு செய்வார். தயாரானதும் கண்ணாடி வழியாகத் தலையாட்டுவார். நான் மெயினை இழுத்து அணைப்பேன். பிறகு போட்டுப் பார்த்தால், பதிவு செய்தது எல்லாம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் இருந்தது. ஒவ்வொரு முறையும் இருந்தது. காலையில் செய்தோம், வார்டு டெர்மினல்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் செய்தோம், நிறையப் பெயர்களோடு செய்தோம், கொஞ்சப் பெயர்களோடு செய்தோம். ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. பழையதிலேயே இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை என்று ரகுவுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் மதாம் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் இயக்குநர் மாற்றுவதற்கு நாள் குறித்துவிட்டார். இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். ஆனால் உறுத்தல் என்று எழுதி இயக்குநரிடம் கையெழுத்து வாங்க முடியாதே.

மாற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், ஒரு மதியம். ரகு வேகத்தை அளந்து பார்ப்பதற்காக, ஃபைல்களைத் தானாக உருவாக்கிக்கொண்டே போகும் ஒரு புரோகிராமைப் புது டிஸ்க்கில் ஓடவிட்டுவிட்டு எங்களோடு சாப்பிட வந்தார். நான் ரசத்துக்கு வந்திருந்தபோது மின்விசிறி நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து, கரண்ட் வந்து, மெஷினை எழுப்பிப் பார்த்தால், புது டிஸ்க்கில் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் இருந்த ஏராளமான ஃபைல்களைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தக் காலி.

ரகு வெளிறிப்போனார். "மேடம், இது வோல்டேஜ் ஏறி இறங்கினதுல வந்தது. கரண்ட் போறப்ப டிஸ்க்கையே ஒரு உதை உதைச்சிட்டுத்தான் போயிருக்கும். இத வெச்சு எங்க சிஸ்டத்த எடை போடாதீங்க" என்றார். இயக்குநரும் அதையே சொன்னார். இத்தனை தடவை தேறியிருக்கிறது, ஒரே ஒரு தடவை தவறியிருக்கிறது, அதற்காகவா நிறுத்துவது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. டாக்டர் மதாமிடம் ஏற்கெனவே தேதி சொல்லிவிட்டிருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். தேறியவை எத்தனை, தவறியவை எத்தனை என்று பார்த்தால் புது ஃபைல் சிஸ்டம் ஜெயித்துவிட்டது. நான் வேறு மாதிரி பார்த்தேன். தேறியதெல்லாம் நாங்கள் அணைத்தவை. தவறியது தானாக அணைந்தது. நாங்கள் அணைப்பதற்கும் கரண்ட் தானாகப் போவதற்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அதைக் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு சோதனை செய்தோம். இந்த முறை மெயின் சுவிட்சில் ரகுவை நிறுத்தினேன். நான் உள்ளே போய் ஏழுமலையின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திரையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன்.

அவர் பெயர்களைப் பதிவு செய்தார். பதிவுத் திரையை மூடினார். விரல்கள் கீபோர்டில் மூன்று முறை சரசரவென்று ஓடின. பிறகு ரகுவைப் பார்த்துத் தலையாட்டப் போனார்.

"இருங்க ஏழுமலை" என்று கையைக் காட்டி ரகுவையும் நிறுத்தினேன். "இப்ப என்னா அடிச்சீங்க?"

"எப்ப மேடம்?"

"தலைய ஆட்டறதுக்கு முன்னாடி."

"ஒண்ணும் அடிக்கலியே. ஸ்கிரீன மூடுனேன், அவ்ளோதான்."

"அங்க பாருங்க."

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி. சிங்க், சிங்க், சிங்க். மெமரியில் காத்திருப்பதையெல்லாம் இப்போதே டிஸ்க்கில் எழுது என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளை அது. ஒருமுறை அடித்தாலே போதும். ஆனால் மெஷினை அணைப்பதற்கு முன்னால் மூன்று முறை அடிப்பது அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். அடிக்காமல் அணைப்பவனை ஆபரேட்டர் என்றே மதிக்க மாட்டோம்.

ஏழுமலை அந்த மூன்று வரிகளை வேறு யாரோ அடித்ததைப் போலப் பார்த்தார். கரண்ட் திடீரென்று போனால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த நல்ல மனிதர் ஒவ்வொரு முறையும், அணைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் பத்திரமாக எழுதி வைத்துவிட்டு, அணைக்கலாம் என்று தலையாட்டியிருக்கிறார். புது ஃபைல் சிஸ்டத்தை நாங்கள் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. ஏழுமலையின் ஒழுக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறோம்.

உள்ளே வந்து விஷயத்தைக் கேட்ட ரகு, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லா டெஸ்ட்டும் வேஸ்ட்" என்றார்.

"வேணும்னு செய்யல சார். கை தானா போவுது." ஏழுமலைக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷம் எதற்காக நாங்கள் அவரைப் பாராட்டினோமோ, அதற்காகவே இப்போது திட்டு வாங்குகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. "எழுந்திருங்க, நான் உக்காந்து அடிக்கிறேன்" என்றேன். பெயர்களைப் பதிவு செய்தேன், திரையை மூடினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஏழுமலை தயக்கத்தோடு, "மேடம், நீங்களும் அடிச்சிட்டீங்க" என்றார். ஆமாம், மூன்று வரி. ரகு சிரித்துக்கொண்டே, "நகருங்க, நான் செய்யறேன்" என்று உட்கார்ந்தார். அவருடைய விரல்களும் ஓடின. பாதி வழியில் உணர்ந்து கையை இழுத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஏழுமலை முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

சிரித்து முடித்த பிறகு பிரச்சினை அப்படியே இருந்தது. தொழில் தெரிந்த யாரையும் நம்பி இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. தொழில் தெரியாத கை வேண்டும். நான் டாக்டர் மதாமைக் கூப்பிட்டேன்.

மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். கற்பனைப் பெயரெல்லாம் அவருக்கு வரவில்லை. "என் பேரையே போடறேன். நானும் ரத்தம் குடுக்கறவதானே" என்று தன் பெயரையும் ரத்தப் பிரிவையும் அடித்து, திரையை மூடினார். நான் வெளியே சுவிட்சில் கை வைத்திருந்தேன். தலையாட்டலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்ததும் இழுத்துவிட்டேன்.

மெஷின் மறுபடி எழுந்ததும் அவர் பெயரைத் தேடினோம். இருந்தது. ஃபைலைத் திறந்தோம். காலி.

டாக்டர் மதாம் குனிந்து திரையைப் பார்த்தார். "பேர் இருக்கு. ரத்தத்தக் காணோம்" என்றார்.  பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா கஸ்தூரி, எனக்கு அந்த வேகம் வேணும்மா. அத எடுத்துட்டுப் போயிடாத."

ஃபைல் சிஸ்டத்தை வேண்டாம் என்று சொல்வது சுலபம். நான் ஜாக்கிரதையானவள் என்ற பெயரும் கிடைக்கும். ஆனால் என் ஜாக்கிரதைக்கு விலை கொடுப்பது அங்கே வெளுத்துக்கொண்டே போகும் இன்னொரு பெண்ணாக இருப்பாள். வேண்டும் என்று சொன்னால், பதிவு தொலைந்துபோய் அந்த விலையை வேறு யாரோ கொடுப்பார்கள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றேன்: இதில் எது தொலைந்தால் திரும்பச் செய்துகொள்ள முடியும், எது தொலைந்தால் முடியாது? புதிய பதிவு தொலைந்தால் ஆள் போனவர்தான். நகல் தொலைந்தால் இன்னொரு நகல் எடுக்கலாம். ஆகவே புதிய பதிவெல்லாம் பழைய ஃபைல் சிஸ்டத்தில்தான். தினமும் காலையில் அதிலிருந்து புதியதற்கு ஒரு நகல். தேடுவது நகலில். அதில் கிடைக்காவிட்டால், பொறுமையாகப் பழையதில்.

யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. இயக்குநருக்கு இரட்டை வேலை. ரகுவுக்கு முழு வெற்றி இல்லை. ஆனாலும் கோபித்துக்கொள்ளாமல் காலி ஃபைல்களையெல்லாம் டேப்பில் எடுத்துக்கொண்டு போனார். பல மாதங்கள் கழித்துத் திருத்திய சிஸ்டத்தோடு வந்தார். அப்போதும் டாக்டர் மதாம்தான் ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தார். அவர் பெயரும் நின்றது, ரத்தமும் நின்றது. பிறகுதான் எல்லாவற்றையும் மாற்றினோம். நல்ல ஃபைல் சிஸ்டம் அது, கொஞ்சம் வளர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அதற்கு நடுவில் நடந்தது.

விரல் விவகாரம் வெளியே தெரிந்த பிறகு இயக்குநர் ஏழுமலையின் வேலையைக் கவனிக்க ஆரம்பித்தார். ஏழுமலை மெஷினை அணைக்கும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு பதிவு முடிந்ததும் மூன்று சிங்க் அடிப்பார் என்று தெரிந்தது. அடிக்கும்போதெல்லாம் வார்டு டெர்மினல்கள் ஒரு கணம் உறைந்து நிற்கும், நர்சுகள் புகார் செய்வார்கள். மெஷின் தானாகவே அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும்போது இது எதற்கு, மூடப்பழக்கம், நிறுத்தச் சொல்லுங்கள் என்று இயக்குநர் என்னிடம் சொன்னார்.

ஏழுமலை என் மேசைக்கு வந்து நின்றார். "விட்டுடணுமா மேடம்?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "டெஸ்ட் பண்றப்ப கையக் கட்டிக்கோங்க. வேலை செய்யறப்ப உங்க கை, உங்க இஷ்டம். சார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். இயக்குநரிடம் போய், என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. விட்டுவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். கடல் கொந்தளிப்பு, யாரும் படகு இறக்கவில்லை. மதியம் இரண்டு மணிவாக்கில் ஏழுமலை ஷிப்ட் முடிந்து கிளம்பும் சமயத்தில் கரண்ட் போனது. வந்ததும் நான் மெஷினை எழுப்பி, பழைய டிஸ்க்கைச் சரிபார்த்து முடித்தேன். புது டிஸ்க்கில் காலை நகலை அப்போதுதான் திறந்திருந்தேன், டாக்டர் மதாம் நனைந்த குடையோடு ஓடி வந்தார். சாரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். வங்கியில் இருந்ததையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இன்னும் வேண்டும்.

நகலில் தேடினேன். உடனே வந்தது. இரண்டே பெயர்கள். ஒருவர் போன வாரம்தான் கொடுத்திருந்தார், அவரிடம் மறுபடி எடுக்கக் கூடாது. இன்னொருவர் பெண் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருப்பது டாக்டர் மதாமுக்கே தெரியும்.

"வேற?" என்றார்.

"இன்னிக்கு யாராவது புதுசா வந்திருந்தா பழசுலதான் இருக்கும், மதாம். தேடறேன்."

டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. டாக்டர் மதாம் வழக்கம்போல அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் திரையைப் பார்க்கவில்லை, என்னால் முடியவில்லை. வேகத்தை வேண்டாம் என்று தடுத்தவள் நான்தானே என்று எனக்குள் அடித்துக்கொண்டது. முதலில் அதே இரண்டு பெயர்கள் மறுபடி வந்தன. அரைத்துக்கொண்டே இருந்தது. வரிசையின் கடைசி ஃபைலில் மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. வைத்திக்குப்பம். மீனவர். இதுவரை ரத்தம் கொடுத்ததில்லை. 'மீன் ஏலம் போடுற இடத்துல கேட்டா சொல்லுவாங்க' என்று எழுதியிருந்தது. பதிவு செய்த தேதி அன்றைய தேதி.

மருத்துவமனை வண்டி வைத்திக்குப்பம் போனது. கடலுக்குப் போகாத நாளானதால் ஆள் கரையிலேயே வலை பிரித்துக்கொண்டு இருந்தார். கை கழுவிவிட்டு அப்படியே ஏறி வந்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்தாள். பெண் குழந்தை. இருட்டுவதற்குள் டாக்டர் மதாம் எங்கள் அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தம் தேடி ஓடி வந்த நாளில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மெர்சி" என்றார், என்னிடமா டிஸ்க்கிடமா என்று தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை ஏழுமலை வந்ததும் கேட்டேன். அந்த மீனவர் ரத்தப் பிரிவுச் சீட்டோடு இரண்டு மணிக்குக் கிளம்பப் போகும் நேரத்தில் வந்தாராம். ஷிப்ட் முடிகிறதே என்று பார்க்காமல் அவரை உட்கார வைத்துப் பதிவு செய்துவிட்டு, ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபோது கரண்ட் போய்விட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மெஷின் தானாக எழுதட்டும் என்று விட்டிருந்தால் அந்தப் பெயர் பழைய டிஸ்க்குக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இந்த விஷயத்தில் பழையதும் புதியதும் ஒன்றுதான்.

"பதிவு பண்ணிட்டு சிங்க் அடிச்சீங்களா, ஏழுமலை?"

அவர் யோசித்தார். மனசார ஞாபகப்படுத்திப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தெரியலியே மேடம். கை அடிச்சிருக்கும்."